ஓவர்கரண்ட் அலாரத்தோடு ஆறு ஆண்டுகள்

எங்கள் இயந்திரங்களில் ஒரே வகையைச் சேர்ந்த எட்டு சர்வோ டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தையும் நிலையையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள்) ஆறு ஆண்டுகளாக ஓடுகின்றன. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓவர்கரண்ட், அதாவது மின்னோட்டம் அளவுக்கு மீறியது என்னும் அலாரம், எல்லா டிரைவிலும் வரக்கூடியதுதான்.

முதல் முறை ஓவர்கரண்ட் வந்தபோது நான் செய்தது முட்டாள்தனம். அலாரம் காட்டுவது டிரைவ், ஆகவே கெட்டதும் டிரைவ் என்று முடிவுகட்டிப் புதியதை மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே எண் மறுபடி மின்னியது. கையேட்டைப் புரட்டினால், 'மோட்டார் வயரிங்கைச் சரிபார்க்கவும்' என்று ஒரே வரி. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இயந்திரத்தை ஓட்டுபவர்தான் வழி காட்டினார்: "மேசை இடது கோடிக்குப் போகும்போது மட்டும்தான் நிற்கிறது, சார்."

மேசையோடு நகரும் கேபிள்களைத் தாங்கும் கேபிள் செயினைப் பிரித்தோம். வளைவில் உராய்ந்து உராய்ந்து ஒரு ஃபேஸின் மேலுறை தேய்ந்து, கம்பி ஷீல்டை (கேபிளுக்குள் சுற்றியிருக்கும் உலோக உறையை) தொட்டுக்கொண்டிருந்தது. இடது கோடியில் கேபிள் மடங்கும்போது தொடும், மற்ற இடங்களில் விலகிவிடும். நான் சோதித்த நேரத்தில் மேசை வலப்பக்கம் நின்றிருந்தது! அன்றிலிருந்து கேபிளை அசைத்துக்கொண்டே மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து மேலுறையின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைக்கிறேன். மெக்கர் வைக்கும் முன் கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட வேண்டும். அதன் 500 வோல்ட் உள்ளே போனால் டிரைவ் பிழைக்காது.

ஓவர்லோடையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓவர்லோடு என்பது வெப்பக் கணக்கு. சுமை கூடி மெல்ல மெல்ல ஏறும். ஓவர்கரண்ட் அப்படியல்ல. வெளியீட்டில் ஷார்ட் ஆனால் உள்ளேயிருக்கும் ஐஜிபிடி (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைகடத்தி ஸ்விட்ச்) சில மைக்ரோவிநாடிகள்தான் தாங்கும், அதற்குள் டிரைவ் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். காரணம் பார்க்காமல் ரீசெட் செய்யும் ஒவ்வொரு முறையும் அதே அடி அதன்மேல் மறுபடி விழுகிறது. இந்த ஆறு ஆண்டில் உண்மையாகவே செத்த ஒரே டிரைவ், இரவு ஷிஃப்டில் யாரோ விடாமல் ரீசெட் அழுத்தியதால் செத்ததுதான்.

இப்போது எங்கள் வழக்கம் இது. மின்சாரத்தைத் துண்டித்து, சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருப்போம். விளக்கை மட்டும் நம்பாமல் டிசி பஸ்ஸை (டிரைவுக்குள் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும் பகுதியை) மீட்டரிலும் பார்ப்போம். 400 வோல்ட் இணைப்பில் அது சுமார் 565 வோல்ட் வரை இருக்கும், கை வைக்கிற விஷயமில்லை. பிறகு மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ கம்பிகள் மூன்றையும் கழற்றிவிட்டு, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து டிரைவை எனேபிள் செய்வோம். செங்குத்து அச்சாக இருந்தால் முதலில் கட்டை வைத்துத் தாங்கிக்கொள்வோம். பிரேக்கை மட்டும் நம்பி அடியில் நிற்கக் கூடாது. மோட்டார் இல்லாமலும் ஓவர்கரண்ட் வந்தால் டிரைவின்மேல் சந்தேகம், வராவிட்டால் கேபிள் அல்லது மோட்டார். மோட்டார் பக்கம் பெரும்பாலும் கனெக்டருக்குள் கூலண்ட் இறங்கியிருக்கும். இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மோட்டாரோ என்கோடரோ (மோட்டாரின் சுழல்நிலையைச் சொல்லும் சென்சார்) மாற்றிய கையோடு அலாரம் வந்தால் என்கோடர் ஆஃப்செட்டையும் (அதன் தொடக்கநிலைத் திருத்தம்), வேகமெடுக்கும்போது மட்டும் வந்தால் கெயினையும் (டிரைவ் எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்ட வேண்டும் என்ற அமைப்பு) முதலில் பார்க்கிறேன்.

டிரைவைப் பற்றி என் குறை ஒன்றுதான். அலாரப் பதிவில் எண்ணும் நேரமும் மட்டும் இருக்கின்றன. அந்தக் கணத்தில் அச்சு எங்கே இருந்தது, மின்னோட்டம் எவ்வளவு என்பது இல்லை. அது இருந்திருந்தால் இடது கோடியை முதல் நாளே பிடித்திருப்பேன். மற்றபடி பாதுகாப்பு ஒருமுறைகூடத் தவறவில்லை, திரும்ப வாங்கச் சொன்னால் வாங்குவேன்.

அன்று நான் கழற்றிப் போட்ட முதல் டிரைவ், ஒரு பழுதும் பார்க்கப்படாமலே, இப்போது பக்கத்து இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.