கெர்ரா வைட்மேனா? நான் கட்சி மாறின கதை

2022 ஜூலைல ஒரு காலைல ஆபீஸ் கிளம்புற அவசரத்துல அமெரிக்காவுல யூஜின்ல நடந்த உலக தடகள சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் ஓட்ட ஃபைனல் பாத்தேன். கடைசி 200 மீட்டர்ல பிரிட்டன் வீரர் ஜேக் வைட்மேன், நார்வேயோட ஒலிம்பிக் சாம்பியன் இங்கப்ரிக்ட்சன தாண்டினாரு, 3:29.23, உலக சாம்பியன். ஸ்டேடியத்துல மைக் புடிச்சு ரேஸ சொல்லிட்டு இருந்தது யாருன்னு பாத்தா அவங்கப்பா ஜெஃப், கோச்சும் அவரேதான். பையன் ஜெயிக்கிறப்போ கூட குரல் ஏறாம வேலைய முடிச்சிட்டு, அப்புறமாதான் இது என் மகன்னு கூட்டத்துக்கு சொன்னாரு. அன்னைக்கு நான் வைட்மேன் கட்சிதான். அதே ரேஸ்ல இன்னொரு பிரிட்டன் வீரர் ஜோஷ் கெர் அஞ்சாவது வந்தத யாரு கவனிச்சா.

ரெண்டு பேரும் ஸ்காட்லாந்து எடின்பர்க்ல ஒரே கிளப்ல வளந்தவங்க. வைட்மேன் இங்கிலாந்துல லஃப்பராவுல படிச்சு அப்பாகிட்டயே பயிற்சி எடுத்தாரு. கெர் 17 வயசுல அமெரிக்கா நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டிக்கு போயிட்டாரு, அப்புறம் அங்கயே ஒரு ஷூ கம்பெனி டீம். வேகம்னு பாத்தா 1500ல கெர் (3:27.79, பிரிட்டிஷ் ரெக்கார்டு), 800ல வைட்மேன், இதுல சண்டை போட ஒன்னுமில்ல.

என்னை மாத்தினது வேற விஷயம். பெரிய மீட் அன்னைக்கு ஸ்டார்ட் லைன்ல ஆள் நிக்கிறாரா இல்லயா, அவ்ளோதான். வைட்மேன் 2022ல தங்கம் வாங்கின சூட்டோட காமன்வெல்த்ல வெண்கலம், மியூனிக் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல 800 வெள்ளின்னு அஞ்சு வாரத்துல மூணு மெடல் அள்ளினாரு, பாக்கவே பிரமாதமா இருந்துச்சு. ஆனா 2023ல அடிபட்டு பட்டத்த காப்பாத்த புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்புக்கே வரல. 2024ல பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 800ல இடம் கெடச்சும் ஹாம்ஸ்ட்ரிங் (தொடை பின்தசை) போச்சு. ரெண்டு வருஷம், 28லருந்து 30 வயசு, ஓட்டக்காரனுக்கு அது பொன்னான நேரம்ங்க, திரும்ப வராது.

அதே காலத்துல கெர் என்ன பண்ணாரு பாருங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல வெண்கலம் ஏற்கனவே கைல இருக்கு. 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் சந்திரயான் நிலாவுல இறங்குச்சு, அந்த சந்தோஷத்துல தூங்காம நடுராத்திரி தாண்டி உக்காந்திருந்தேன், அந்த புடாபெஸ்ட் ஃபைனல்ல கருப்பு கண்ணாடி போட்ட இந்த மனுஷன் வைட்மேன் செஞ்ச அதே வேலைய அதே இங்கப்ரிக்ட்சனுக்கு செஞ்சாரு, 3:29.38. அடுத்த பிப்ரவரில ரெண்டு மைல் இண்டோர்ல 8:00.67, உலகத்துலயே பெஸ்ட். மார்ச்ல சொந்த நாட்டுல, கிளாஸ்கோல, இண்டோர் 3000 தங்கம். ஆகஸ்ட்ல பாரிஸ் ஒலிம்பிக்ல 1500 வெள்ளி, அமெரிக்காவோட ஹாக்கர் உள்பக்கமா நுழைஞ்சு 0.14 செகண்ட்ல தட்டிட்டு போயிட்டாரு. வருஷம் பூரா கெர் ஓடுற ரேஸ் கம்மிதான், கண்ட எடத்துலயும் ஓடி உடம்ப செலவு பண்றதில்ல, கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்குற பட்டு வேட்டி மாதிரி வெச்சிருக்காரு. அந்த பராமரிப்புதான் மெடலா வந்துச்சுன்னு என் கணிப்பு, ஆனா அதுல எவ்ளோ திட்டம் எவ்ளோ அதிர்ஷ்டம்னு கேட்டா, வாரத்துக்கு மூணு நாள் மெதுவா ஓடுற நான் என்னத்த சொல்ல, என் முழங்கால் எப்ப மக்கர் பண்ணும்னே எனக்கு தெரியாது.

இவ்ளோ பேசினதுக்கு 2025 செப்டம்பர்ல டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்ல செமத்தியா வாங்கினேன். நடப்பு சாம்பியன் கெருக்கு ஃபைனல் நடுவுலயே கெண்டைக்கால் புடிச்சுகிச்சு. அந்த பக்கம் 31 வயசு வைட்மேன் கடைசி நேரத்துல எங்கிருந்தோ வந்து முன்னாடி போறாரு, போர்ச்சுகல் நாடர் 0.02 செகண்ட்ல புடுங்கிட்டாரு, வெள்ளி. நான் டிவிய பாத்து வைட்மேன் வைட்மேன்னு கத்துனத வீட்ல இன்னும் சொல்லி காட்றாங்க. கெர் டிராக்க விட்டு வெளிய போகல. எல்லாரும் முடிச்ச அப்புறம் தனியா நொண்டிக்கிட்டே வந்து கோட்ட தொட்டாரு, 4:11, கடைசி எடம். இப்பவும் நான் கெர் கட்சிதான்.