காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரா?

மூன்று வருஷமாகக் காசு கட்டி வைத்திருந்த ஆன்டிவைரஸைப் போன மாதம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக் கணினிக்குக் காவல் விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் மட்டும்தான்.

வைரஸைப் பிடிப்பதில் எது கெட்டி என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2012-ல் விண்டோஸ் 8-ஓடு முழு ஆன்டிவைரஸாக வந்த புதிதில் டிஃபெண்டர் சோதனைகளில் பின்வரிசைதான், உண்மை. இப்போது ஏவி-டெஸ்ட் மாதிரி, ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் சோதனைக்கூடங்கள் தரும் மதிப்பெண்களில் காசு வாங்கும் பெரிய பெயர்களோடு சரிசமமாக நிற்கிறது.

என்னை மாற்றியது புதுப்பித்தல் தொல்லைதான். முதல் வருஷம் பாதி விலைக்கு வாங்கினேன், அப்போதே ஆட்டோ ரினியூவலும் சத்தமில்லாமல் டிக் ஆகியிருக்கிறது, இரண்டாம் வருஷம் முழு விலையும் கார்டிலிருந்து போன பிறகுதான் விழித்தேன். அதை அணைத்தால் அடுத்த கூத்து: உரிமம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி, ‘உங்கள் கணினி ஆபத்தில்’ என்று. அதில் ‘புதுப்பி’ கொட்டை எழுத்தில் இருக்கும், ‘பிறகு’ கண்ணில் படாத சாம்பல் நிறத்தில். வைரஸ் காட்டாத பயத்தை இது காட்டியது! அப்புறம் நீக்குவதும் லேசில்லை. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதனால் பழையதை முழுசாகத் துடைத்தாக வேண்டும். செட்டிங்ஸில் நீக்கியும் பிரவுசரில் அதன் எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர்களே தரும் நீக்கும் கருவியை இறக்கி, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் வந்தது.

சரி, டிஃபெண்டரில் குறையே இல்லையா? இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்கும் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதி அணைந்த நிலையில்தான் வரும், நாம்தான் தேடிப்போய் இயக்க வேண்டும். இயக்கிய அன்றே என் போட்டோ எடிட்டரைப் படங்கள் ஃபோல்டரில் சேமிக்க விடவில்லை, அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தேன். டிஃபெண்டரின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற வசதி போலி தளங்களைத் தடுப்பதும் எட்ஜ் பிரவுசரில்தான், குரோம், ஃபயர்பாக்ஸ் என்றால் அவற்றின் சொந்தத் தடுப்பை நம்ப வேண்டியதுதான்.

வேறு நிறுவனங்களின் இலவசப் பதிப்புகள் பக்கம் நான் போகவில்லை. பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி உத்தரவிட்டது. இலவசத்துக்கு அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டில் எந்த லிங்க் வந்தாலும் தட்டிவிடுகிற பெரியவர்களோ, நேரக் கட்டுப்பாடு தேவைப்படும் பிள்ளைகளோ இருந்து, நாலைந்து கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கலாம். நான் அப்படி வைத்துப் பார்த்ததில்லை, என் கணக்கு ஒரே ஒரு கணினியை வைத்துப் போட்டது.

எதை வைத்தாலும் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் விண்டோஸின் ஓர் ஓட்டை வழியாகப் பரவியபோது அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மிச்சமான புதுப்பித்தல் காசில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கினேன். ஞாயிறுதோறும் செருகி, காப்பி எடுத்து, கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.