பெருவெடிப்பு முதல் இன்று வரை: ‘பிக் ஹிஸ்டரி’ இணையப் பாடத்திட்டம்

1989இல் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் டேவிட் கிறிஸ்டியன் தொடங்கிய வகுப்பிலிருந்து வளர்ந்து, பில் கேட்ஸின் ஆதரவுடன் 2011இல் அறிமுகமான இப்பாடத்திட்டம், கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிரபஞ்சத்தின் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு வரலாற்றை எட்டுத் திருப்புமுனைகளாகப் பிரித்துச் சொல்கிறது.

என்னை மிகவும் ஈர்த்தது, புதிய தனிமங்கள் உருவானதைச் சொல்லும் மூன்றாவது திருப்புமுனை. நம் குருதியில் உள்ள இரும்பு, நமது சூரியன் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்து மடிந்த விண்மீன்களில் உருவானது என்பதை உணரும் மாணவருக்குத் தனிம அட்டவணை வெறும் மனப்பாடப் பகுதியாக இருக்காது. எந்தக் கூற்றையும் உள்ளுணர்வு, தர்க்கம், நம்பத்தகுந்தோர் கருத்து, சான்று ஆகிய நான்கால் சோதித்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சி எல்லா வகுப்புகளுக்கும் தேவையானது, சொல்லப்போனால், பெரியவர்களுக்கும்தான்.

மனிதர்களுக்கு வரும்போது வேகம் கூடிவிடுகிறது. அறிவைத் தலைமுறைகள்தோறும் சேர்த்துவைக்கும் ‘கூட்டுக் கற்றல்’ தெளிவாக விளக்கப்பட்டாலும், வேளாண்மைக்குப் பின் யார் உழைத்தார்கள், யார் ஆண்டார்கள் என்ற கேள்விகளுக்கு இன்னும் கூடுதல் இடம் அளித்திருக்க வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர் முன்கூட்டியே குறிப்பெடுத்துக்கொள்வது அவசியம். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.