ஆஸ்திரேலிய நகரங்களில் சிக்கனமாக பேக்பேக்கிங்: பணம் எங்கே கரைகிறது, எங்கே மிஞ்சுகிறது

ஆஸ்திரேலியா போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டல் வாடகையையும் சாப்பாட்டையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். வாரக்கணக்கில் நகரம் நகரமாகச் சுற்றினால் வேறொன்று தெரியவரும். பட்ஜெட் உடைவது விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில். அடுத்து, ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நாளில். படுக்கை 35 முதல் 60 ஆஸ்திரேலிய டாலர், சொந்தச் சமையல் 15 முதல் 18, உள்ளூர்ப் போக்குவரத்து 10, சில்லறைச் செலவு 10 என்று நாளொன்றுக்கு 80 டாலர் சுற்றில் ஓட்டிவிடலாம். ஊர் மாறும் நாளைத் தனியாகத் திட்டமிடாவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது.

சிட்னியிலிருந்தே பார்ப்போம். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் இருக்கிறது. ஆனால் அந்த நிலையத்தைப் பயன்படுத்துவதற்கென்றே 17 டாலருக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் இதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற தினசரி உச்சவரம்புக்குள் அது அடங்காது. இதைத் தவிர்க்க 420 எண் பேருந்தில் ஏறி மாஸ்கட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து அதே ரயிலைப் பிடித்தால் போதும். சாதாரணப் பேருந்துக் கட்டணமும் ரயில் கட்டணமும்தான் பிடிக்கப்படும். உள்நாட்டு முனையத்தில் இறங்குபவர்கள், மூட்டை கனமில்லை என்றால், மாஸ்கட் வரை நடந்தே போய்விடலாம்.

சிட்னியில் ஓபல் என்ற பயண அட்டை வாங்கினாலும் சரி, வங்கி அட்டையைத் தட்டினாலும் சரி, கட்டணமும் உச்சவரம்பும் ஒன்றே. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 19 டாலர் சொச்சம். வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அதில் பாதி. இங்கே பலர் செய்யும் தவறு, காலையில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் அதே கணக்கில் இருக்கும் போனைத் தட்டுவது. கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். உச்சவரம்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தத் தடத்தின் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். இந்திய வங்கி அட்டை என்றால் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. ஓபல் அட்டைக்குத் தனி விலை கிடையாது, போடும் பணம் முழுவதும் பயணத்துக்குத்தான். அதனால் அதை வாங்குவதே நல்லது.

தூரப் பயணங்களை வெள்ளி முதல் ஞாயிறுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூ மவுன்டன்ஸ் மலையிலுள்ள கட்டூம்பாவுக்கு இரண்டு மணி நேர ரயில். அங்கிருந்து நடந்தே எக்கோ பாயின்ட் போய் மூன்று சகோதரிகள் பாறையைப் பார்த்துத் திரும்பலாம். நியூகாசில், கியாமா, மேன்லி படகு எல்லாம் அதே பாதி வரம்புக்குள் அடங்கிவிடும். ப்ளூ மவுன்டன்ஸுக்கு நூறு டாலருக்கு மேல் வாங்கும் வேன் சுற்றுலா தேவையே இல்லை.

மெல்போர்னில் கணக்கே வேறு. நகர மையத்தில் டிராம் இலவசம், 2015 ஜனவரியிலிருந்து. அந்த எல்லைக்குள் ஏறி அந்த எல்லைக்குள்ளேயே இறங்குவதென்றால் மைக்கி என்ற அந்த ஊர்ப் பயண அட்டையைத் தட்டக் கூடாது. தட்டினால் பணம் போய்விடும். எல்லையைத் தாண்டி செயின்ட் கில்டா போன்ற இடத்துக்குப் போவதென்றால் ஏறியவுடனே தட்ட வேண்டும். எல்லை முடிவதை டிராமில் அறிவிப்பார்கள், ஆனால் கூட்டத்தில் அது காதில் விழாது. சீட்டுப் பரிசோதகர்களிடம் சிக்கினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

மெல்போர்னின் முக்கிய விமான நிலையமான துல்லமரினிலிருந்து ஊருக்குள் வர, ஸ்கைபஸ் என்ற நேரடிப் பேருந்துக்கு 25 டாலர் அளவில் ஆகும். 901 பேருந்தில் பிராட்மெடோஸ் போய் ரயில் மாறினால் மைக்கியின் வழக்கமான கட்டணம்தான். அரை மணி நேரம் கூடுதலாகும். நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு இது சரிப்படாது. மலிவு விமானங்களில் சில துல்லமரினுக்குப் பதில் அவலானில் இறங்கும். அது நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் பெரிய வரம், வெளியூர்களுக்கு ரயிலும் பேருந்தும் ஓட்டும் வி லைன். 2023 மார்ச் 31 முதல் மாநிலத்துக்குள் எவ்வளவு தூரம் போனாலும் மெல்போர்ன் நகரின் ஒருநாள் கட்டணம்தான் உச்சம்: 11 டாலர் அளவில், வார இறுதியில் அதைவிடக் குறைவு. பெண்டிகோ, பல்லரட் போகலாம். ஜீலாங் வரை ரயில், அங்கிருந்து வி லைன் பேருந்தில் லார்ன், அப்பல்லோ பே என்று கிரேட் ஓஷன் ரோட்டின் பாதியை அதே காசில் பார்த்துவிடலாம். பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டே கிளம்புங்கள். எல்லை ஊரான ஆல்பரி வரைகூட இதே கட்டணம் செல்லும், அந்த ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம். ஆல்பரியிலிருந்து சிட்னிக்கு எக்ஸ்.பி.டி. ரயில் இருக்கிறது.

மெல்போர்ன்-சிட்னி தூரத்தை 60 டாலர் விமானமா, பேருந்தா, ரயிலா என்று ஒப்பிடும்போது டிக்கெட் விலையோடு நிற்காதீர்கள். மலிவு விமானத்தில் கைப்பை 7 கிலோதான். வாயிலிலேயே எடை போடுவார்கள். அங்கே அதிகப்படிக்குக் கட்டும் தொகை, முன்கூட்டியே பை வாங்குவதைவிடப் பல மடங்கு. இரு பக்க விமான நிலையச் செலவையும் சேர்த்தால் 60 என்பது 130-ஐத் தொடும். இரவுப் பேருந்தோ இரவு ரயிலோ 11, 12 மணி நேரம் எடுக்கும், ஆனால் ஒரு ராத்திரி ஹாஸ்டல் வாடகை மிச்சம். முதுகு வலி உள்ளவர்களுக்கு மட்டும் விமானத்தைப் பரிந்துரைக்கலாம்.

பிரிஸ்பேனில் யோசிக்கவே வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் எந்தப் பயணமானாலும் 50 சென்ட். ஹெலன்ஸ்வேல் வரை ரயில், அங்கிருந்து டிராமில் சர்ஃபர்ஸ் பாரடைஸ். சிட்டிகேட் படகிலும் இதே கட்டணம். சிட்டிஹாப்பர் படகு இலவசம். விமான நிலைய ரயில் மட்டும் தனியார் சேவை, இந்தச் சலுகை அதற்கு இல்லை. சவுத் பேங்கில் செயற்கைக் கடற்கரை, பொது மின்அடுப்புகள் எல்லாம் இலவசம். பொத்தானை அழுத்தினால் தகடு சூடாகும், சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். சமைக்குமுன் தகட்டில் அலுமினியத் தாள் விரித்துக்கொள்வது நல்லது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது அவசியம், முன்னால் சமைத்தவர் என்ன சமைத்தார் என்று தெரியாது.

இனி ஹாஸ்டல். முதலில், ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோகாதீர்கள். மூட்டைப்பூச்சி பயத்தால் பல ஹாஸ்டல்களில் அதற்குத் தடை, விரிப்பை அவர்களே தருவார்கள். அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் வைக்காமல், மெத்தையின் தையல் ஓரங்களைப் போன் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உடனே வேறு அறை கேளுங்கள். லாக்கருக்கான பூட்டு கையில் இருக்கட்டும். அங்கே வாங்கினால் விலை அதிகம். வாரக் கணக்கில் எடுத்தால் சலுகை உண்டு. ஜனவரி டென்னிஸ் காலத்தில் மெல்போர்னிலும், புத்தாண்டுக்கு சிட்னியிலும், பிப்ரவரி-மார்ச் ஃபிரிஞ்ச் கலை விழாவில் அடிலெய்டிலும் அதே படுக்கை இரட்டிப்பு விலைக்குப் போகும்.

வரவேற்பிலோ துப்புரவிலோ சில மணி நேரம் உதவினால் படுக்கை இலவசம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அதை ஏற்கக் கூடாது. கூலி பணமாக வராவிட்டாலும் அது வேலைதான். வேலை செய்துகொண்டே சுற்ற விரும்பும் 18 முதல் 30 வயது இந்தியர்களுக்கு 462 விசா இருக்கிறது. ஆண்டுக்கு 1000 இடம், குலுக்கல் முறையில்.

சமையலறையில் குக்கர் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்புக்குப் பதில் மைசூர்ப்பருப்பு வாங்கினால் சாதாரணப் பாத்திரத்திலேயே 20 நிமிடத்தில் குழைந்துவிடும். 'இலவச உணவு' என்று எழுதிய அலமாரியை முதலில் பாருங்கள்: அரிசி, உப்பு, எண்ணெய், பாஸ்தா அங்கேயே கிடைக்கும். குளிர்பெட்டியில் வைக்கும் பையில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதுங்கள். எழுதாதவை துப்புரவு நாளில் குப்பைக்குப் போகும். தாளிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். காய்ந்த மிளகாய்ப் புகை போதும், அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும். வீண் அழைப்புக்கான கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும், அதை விருந்தினர் தலையில் கட்டும் விடுதிகள் உண்டு. புகைபோக்கியைப் போட்டுவிட்டு, அடுப்பைக் குறைத்து, எண்ணெய் புகையுமுன்பே கடுகைப் போட்டு மூடிவிடுங்கள்.

கோல்ஸ், வூல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட்டுகளில் மாலையில் மஞ்சள் விலைச்சீட்டு ஒட்டிய ரொட்டி, தயிர், வெட்டிய காய்கறிகளைத் தேடுங்கள். அலமாரிச் சீட்டில் 100 கிராம் அல்லது கிலோ விலையும் சிறிய எழுத்தில் இருக்கும், ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காபிக் கடைகள் 10, 15 சதவீதம் கூடுதல் வாங்கும். சிட்னியில் இருந்தால் மேஸ் ஹில் முருகன் கோயில், ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில் உணவகங்களில் இட்லி தோசை சாப்பிடலாம். ஹெலன்ஸ்பர்க்கில் ரயில் நிலையத்திலிருந்து கோயில் தள்ளியிருப்பதால் போய்வர நேரம் ஒதுக்குங்கள்.

ஊரில் வாங்கிய போனைக் கிளம்புமுன் சோதியுங்கள். 2024 அக்டோபரில் அங்கே 3ஜி மூடப்பட்டது. 4ஜி வழியாக 000 அவசர எண்ணை அழைக்க முடியாத மாடல்களை நிறுவனங்கள் துண்டித்துவிடுகின்றன. சிம் புதிது, பணம் போட்டாயிற்று, ஆனாலும் போன் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அடிலெய்டில் நகர மைய டிராமும் 98, 99 சுற்றுப் பேருந்துகளும் இலவசம். பெர்த்தில் கேட் (CAT) எனப்படும் நகர மையப் பேருந்துகள் இலவசம். விமான நிலைய ரயில், 2022 அக்டோபரில் வந்தது, சிட்னி போலத் தனிக் கட்டணம் இல்லாமல் ஓடுகிறது. பெர்த்துக்கும் மற்ற நகரங்களுக்கும் இடையே மலிவான தரைவழி கிடையாது, இந்தியன் பசிபிக் ரயில் சொகுசுப் பயணத்துக்கானது. அதனால் பெர்த்தில் இறங்கி சிட்னியிலிருந்தோ பிரிஸ்பேனிலிருந்தோ திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் ஒரு நீண்ட விமானப் பயணம் மிச்சம். மிச்சமிருக்கும் பழம், தக்காளியை அடிலெய்டுக்கோ பெர்த்துக்கோ கிளம்புமுன் தின்று தீர்த்துவிடுங்கள். பழ ஈ தடுப்புச் சட்டப்படி மாநில எல்லையில் அவற்றைத் தொட்டியில் போட வேண்டும், மறைத்துக் கொண்டுபோனால் அபராதம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தேனும் கொண்டுபோகக் கூடாது.