வீட்டில் ஒரு பிரஷர் மெஷின்: பத்து மாதம் பார்த்த பிறகு

போன வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் அண்ணன் குளியலறையில் விழுந்தார். 64 வயது. வலது கையைத் தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. பக்கவாதம். அண்ணி தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் நேரே ஆம்புலன்சுக்கு, 999-க்கு அடித்தார், அதனால்தான் அவர் இன்றைக்கு நம்மோடு இருக்கிறார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதுதான் எங்கள் குடும்பத்துக்கே தெரியும். அப்புறம் அண்ணி சொன்னார், அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிவிட்டதாம். "தல சுத்தல, மயக்கமில்ல, எனக்கு என்ன வியாதி?" என்று கேட்பாராம்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு 59, வீட்டுக்காரருக்கு 63, அம்மாவுக்கு 82. நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில். பத்து மாதமாக மூன்று பேரும் ஒரே மெஷினில்தான் பார்க்கிறோம். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது மேற்கையில் கட்டுகிற எந்த நல்ல மெஷினுக்கும் பொருந்தும்.

முதலில் வாங்கியது இது இல்லை. அவசரத்தில் ஆன்லைனில் 59 வெள்ளிக்கு (ரிங்கிட்) மணிக்கட்டில் கட்டுகிற ஒன்றை வாங்கினேன். பார்க்கச் சின்னதாக, கைக்கடிகாரம் மாதிரி அழகாக இருந்தது. ஒரே நாள் காலையில் ஐந்து ஐந்து நிமிடம் விட்டு மூன்று தடவை பார்த்தேன்: 151, 118, 139. எதை நம்புவது? மணிக்கட்டு மெஷின் என்றால் கையை மடக்கி நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து அசையாமல் பிடிக்க வேண்டும், கொஞ்சம் இறங்கினாலும் ஏறினாலும் எண் மாறிவிடும். என் அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டு, அவர் எப்படிப் பிடிப்பார்? விற்றவருக்கு மூன்று தடவை எழுதினேன், பதிலே வரவில்லை. அந்தக் காசு போனது போனதுதான். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு மணிக்கட்டு மெஷின் வேண்டாம், இதை உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பார்மசிக்குப் போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. மெஷினை எடுத்துக் காட்டுவதற்கு முன்னாலேயே தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு அளவு நாடாவை எடுத்து, "ஆன்ட்டி, மொதல்ல ரெண்டு பேர் கையையும் அளந்துடலாம்" என்றது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்தால் எனக்கு 29 சென்டிமீட்டர், வீட்டுக்காரருக்கு 35. சாதாரணமாக டப்பாவுக்குள் வருகிற பட்டை 22-லிருந்து 32 வரைக்கும்தானாம். பெரிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரை இருக்கிறதாகக் காட்டும், சின்னக் கையில் பெரிய பட்டையைக் கட்டினால் இருக்கிறதைக் குறைத்துக் காட்டும். இந்த விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. அது 22-லிருந்து 42 வரைக்கும் கட்டக்கூடிய பட்டை உள்ள மெஷினை எடுத்துக் கொடுத்தது. விலை 219 வெள்ளி. அதைவிட மலிவானதும் அலமாரியில் இருந்தது, விலை கூடியதும் இருந்தது. அந்தப் பெண் கூடியதைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. முறையாகச் சோதித்துத் தேறிய மாடலா என்று பார்த்து வாங்குங்கள், புளூடூத் எல்லாம் அப்புறம் என்று சொல்லி அனுப்பியது. அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்.

இனி மெஷினைப் பற்றி. டாக்டர் காதில் குழாய் வைத்துக் கேட்பாரே, அந்த முறையை 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய டாக்டர் கண்டுபிடித்தார். இந்த மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டையில் காற்று ஏறி ரத்தக் குழாயை அமுக்கி, பிறகு மெல்ல இறங்கும்போது, குழாய் துடிக்கிற அதிர்வு பட்டையில் தெரியுமே, அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இது தெரிந்த பிறகுதான் அளக்கும்போது கையை அசைக்காதே, பேசாதே என்று ஏன் சொல்கிறார்கள் என்று புரிந்தது. என் வீட்டுக்காரர் பட்டை இறுகுகிற நேரம் பார்த்துத்தான் காலைச் செய்தியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேசினால் ஒரு எண், வாயை மூடினால் ஒரு எண், நாங்களே பார்த்தோம். பத்துக்கு மேலே வித்தியாசம்.

உட்காருகிற முறைதான் பாதி வேலை. நாங்கள் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரு நாற்காலியை இதற்கென்றே வைத்துவிட்டோம். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில். எங்கள் மேசை கொஞ்சம் தாழ்வு, அதனால் ஒரு சின்னத் தலையணை வைக்கிறோம். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும், குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதன் கீழே கட்டக் கூடாது. காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, தே தண்ணி குடிக்கிறதுக்கு முன்னால், மாத்திரை போடுகிறதுக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒரு தடவை. நான் முதல் வாரம் இந்த ஐந்து நிமிடத்தை ஒழுங்காக உட்காரவில்லை, அடுப்பிலிருந்து ஓடிவந்து பட்டையைக் கட்டிவிட்டு, 158 என்று பார்த்துப் பயந்துபோய் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து அளந்துகொண்டிருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். பயத்தோடு அளந்தால் பயம்தான் எண்ணாக வரும்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், டாக்டர் ஒரு வழி சொன்னார். அடுத்த தடவை வருவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு, எழுதிக்கொண்டு வாருங்கள், முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி பார்ப்பேன் என்றார். கிளினிக்கில் 140-க்கு 90 என்பது கோடு, வீட்டில் அளந்தால் 135-க்கு 85-தான் கோடு. இதுவும் எங்களுக்குப் புதுசு. இத்தனை வருடம் 138 என்று வந்தால் சந்தோஷப்பட்டிருப்போம்.

அந்த ஏழு நாள் கணக்கில் எங்கள் வீட்டில் வெளிவந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் 150-க்கு மேலே. வீட்டில் சராசரி 126. வீட்டுக்காரருக்கு அப்படியே நேர்மாறு: கிளினிக்கில் 130, 132, நர்ஸ் பாராட்டி அனுப்புவார். வீட்டில் காலை நேரச் சராசரி 147. இப்படி ஒளிந்திருக்கிற பிரஷரைக் கிளினிக்கில் மட்டும் அளந்தால் பிடிக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு மாத்திரையைக் கூட்டவில்லை, அவருக்குப் புதிதாக ஆரம்பித்தார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, இரண்டு பேரையும் பற்றி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அண்ணனுக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கலாம், அந்த நினைப்பு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இவரும் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னவர்தான். 2023-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் இந்த நாட்டில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு என்று வந்தது. தைப்பூச ரதத்தின் பின்னால் நடக்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், பத்துப் பேரில் மூன்று பேர், அதில் எத்தனை பேர் தலை சுத்தலையே என்று சும்மா இருக்கிறார்களோ.

அம்மா கதை வேறு. அவருக்கு நாங்கள் பயந்தது பிரஷர் ஏறுவதற்கு. பிரச்சனை இறங்குவதில் இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். பார்மசிப் பெண்ணிடம் எதற்கோ போனபோது இதைச் சொன்னேன், அது, படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள், பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள் என்றது. படுக்கையில் 144. நின்றதும் 117. மேல் எண் இருபதோ அதற்கு மேலோ குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதால் நோட்டை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்து, இன்னொன்றை வேறு நேரத்துக்கு மாற்றினார். இப்போது அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, முருகா முருகா என்று பத்து தடவை சொல்லிவிட்டு அப்புறம்தான் எழுகிறார். சுவரைப் பிடிப்பது குறைந்துவிட்டது. இந்த வயதில் ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு 219 வெள்ளிக்கான பலன் இந்த ஒன்றிலேயே வந்துவிட்டது. மாத்திரையை நாங்களாக மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எண்ணைப் பார்த்து நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. கூட வருகிற புத்தகத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, தமிழ் கிடையாது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கரண்டில் போடுகிற வயர் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி நான்கு மாற்றும்போது தேதியும் நேரமும் அழிந்துவிடுகிறது. இரண்டு பேர் கணக்குத்தான் மெஷினில் தனித்தனியாக நிற்கும், மூன்றாவது ஆள் வந்தால் கலந்துவிடும். போனில் செயலி இருக்கிறது, நான் ஒரு மாதம் போராடிவிட்டு விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டு ஒன்றில் கோடு போட்டு மூன்று பேருக்கும் எழுதுகிறேன். டாக்டரும் நோட்டைத்தான் சட்டென்று புரட்டிப் பார்க்கிறார். ஒரு நாள் திரையில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்கிற அடையாளம் வந்தது, கை கால் உதறிவிட்டது. அது ஒரு தடவை வந்தால் அசைந்ததனால்கூட இருக்கலாம். அடிக்கடி வந்தால் இசிஜி எடுக்கச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. 180-க்கு 120-ஐத் தாண்டி வந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சு குழறுவது என்றால் மெஷினை ஓரம் வைத்துவிட்டு 999-ஐ அழையுங்கள்.

மெஷின் பிரஷரைக் குறைக்காது, காட்டத்தான் செய்யும். ஆனால் தினமும் எண்ணைப் பார்க்க ஆரம்பித்த பிறகு சமையலறையில் என் கை தானாகவே மாறியது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிதான் வரும். நம் வீட்டுச் சாம்பார், ஊறுகாய், கருவாடு, அதுக்கு மேலே கிச்சாப் (சோயா சாஸ்) என்று சேர்த்தால் மத்தியானத்துக்குள்ளேயே அந்தக் கரண்டி முடிந்துவிடும். ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். கிச்சாப் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். வாரத்தில் நான்கு நாள் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் நடக்கிறோம், வாசல் பக்கம் நாகலிங்க மரம் பூத்திருக்கிற காலையில் அந்த வாசனைக்காகவே இன்னொரு சுற்று போவோம். முருகன் கோவில் 513 படி ஏறுவதை முழங்கால் பார்த்துத்தான் செய்கிறோம், வீட்டுக்காரர் ஏறுவார், நான் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அண்ணியும் பசியாற வருவார்கள். அவர் கம்பு ஊன்றி நடக்கிறார், வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. அவர்கள் வீட்டிலும் இதே மாதிரி மெஷின் வாங்கிவிட்டார்கள், நோட்டைக் கையோடு கொண்டுவருவார். அவருக்கு நல்ல கையான இடது கையில்தான் பட்டையைக் கட்ட வேண்டும், எழுதுவதும் அந்தக் கைதான். அதனால் அளந்து முடித்து, அண்ணி பட்டையைக் கழற்றும் வரைக்கும் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார், மறந்துவிடக் கூடாது என்று. அப்புறம் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே எழுதுவார். போன வாரம் 128-க்கு 79. எட்டு மட்டும் இன்னும் நிமிரவில்லை, சாய்ந்துதான் கிடக்கிறது.