மேனேஜர் நாற்காலியா, ஸ்டுடியோ நாற்காலியா?

அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஓர் அணியின் ஜெனரல் மேனேஜராக, அதாவது வீரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டுபவராக இருப்பது மேலா, டிவியில் ஆட்டத்தை அலசுவது மேலா? மைக் டானன்பாம் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவர்: 2006 முதல் 2012 வரை நியூயார்க் ஜெட்ஸ், ஜெனரல் மேனேஜர்; பிறகு மியாமி டால்ஃபின்ஸில் ஃபுட்பால் பிரிவின் நிர்வாகத் துணைத் தலைவர்; அப்புறம் ஈஎஸ்பிஎன் விளையாட்டு டிவி.

தப்புக்கு விலை:
அணியில்: 53 வீரர்கள், அவர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என எல்லாம் உங்கள் தலையில். தப்பான குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வெளியே அனுப்பினாலும், கொடுத்த போனஸின் மிச்சம் உச்சவரம்புக் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.
டிவியில்: நாலு பேர் கிண்டல் செய்வார்கள். அடுத்த வாரம் வேறு பேச்சு.

நிலைப்பு:
அணியில்: ஜெட்ஸ் 2009, 2010 சீசன்களில் ஏஎஃப்சி இறுதி வரை (லீக்கின் இரு பாதிகளில் ஒன்றின் இறுதி ஆட்டம்) போனது. ஆனாலும் 2012 டிசம்பர் 31 அன்று டானன்பாமுக்கு வேலை போய்விட்டது.
டிவியில்: தோல்விக் கணக்கே கிடையாது.

தலைகீழாகப் போனவர் மாட் மில்லன். டிவியிலிருந்து டெட்ராய்ட் லயன்ஸ் அணியை நடத்தப் போய் 31 வெற்றி, 84 தோல்வி. 2008-இல் நீக்கப்பட்டு மறுபடி டிவிக்கே வந்தார்.

சொந்தக் கையால் அணி கட்டினால்தான் தூக்கம் வரும் என்றால் முதலாவது. ஒப்பந்தக் கணக்கை எளிதாகப் புரியவைக்கும் வாய் இருந்தால் இரண்டாவது. என் ஓட்டு, முதலாவதில் நன்றாக அடிபட்டபின் இரண்டாவதுக்கு வருபவருக்கு.