டிசம்பரில் பாடப்புத்தகத்தை மூடி வைத்தால்: எங்கள் வீட்டுக்கல்வி அனுபவம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்க ஸ்டார் தொங்கும், கோயிலில் கிறிஸ்துமசுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கியிருக்கும், பிள்ளைகள் மட்டும் பரீட்சை முடியும்வரை புத்தகத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. நாங்கள் ஹோம்ஸ்கூலிங் செய்வதால் அந்த வாரங்களை வேறு மாதிரி வைத்துக்கொள்ள முடிகிறது. காலையில் கொஞ்ச நேரம் கணக்கு. மற்றதெல்லாம் ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். மூத்தவன் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறான். அதன் பொதுத்தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று இரண்டு பருவமாக வருவதால் டிசம்பருக்கு இடைஞ்சல் இல்லை.

சில வருடங்களாக இப்படியே நடத்துகிறோம். புதிதாக வீட்டுக்கல்வி தொடங்கிய அம்மாக்கள் சிலர், எது நிலைத்தது, எது நிற்கவில்லை என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், நிற்காதது. காசு கொடுத்து வாங்கிய ஆக்டிவிட்டி தொகுப்பு. பக்கம் பக்கமாகப் பனிமனிதன், கலைமான், சறுக்குவண்டி. எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, முற்றத்தில் தேங்கிய தண்ணீர், காயாத துணி. சின்னவள் இரண்டு பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்து முடித்தபின் தொங்கவிடவோ தின்னவோ பாடவோ யாருக்காவது கொடுக்கவோ முடியாத எதிலும் எங்கள் பிள்ளைகளுக்கு மனம் ஒட்டுவதில்லை.

நன்றாக நிலைத்தது மூங்கில் ஸ்டார். மூன்றடி நீளத்தில் ஐந்து பிளாச்சு (பிளந்த மூங்கில் குச்சி), எல்லாம் ஒரே அளவு. ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் போகும்படி பின்னி, ஐந்து முனைகளையும் கட்டுக்கம்பியால் முறுக்கினால் ஒரு நட்சத்திரம். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஒரு சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடுப்பகுதி உப்பிக்கொண்டு வரும். அப்புறம் மைதா பசையும் கலர் பேப்பரும். பல்பு நுழைக்க ஒரு பக்கம் திறப்பு.

இதற்குள் இருக்கும் கணக்கு ஏராளம். முனைக் கோணம் ஒவ்வொன்றும் 36 பாகை, ஐந்தும் சேர்ந்தால் 180. மூத்தவன் ஒரு வருடம் பிளாச்சுகள் வெட்டும் இடத்தை டேப் வைத்து அளந்தான். 90 செ.மீ. பிளாச்சில் ஒரு முனையிலிருந்து 34.4-இல் ஒரு வெட்டு, 55.6-இல் இன்னொன்று. பெரியதைச் சின்னதால் வகுத்தால் ஏறக்குறைய 1.62. நடுத்துண்டு 21.2. 34.4-ஐ அதால் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே எண். பொன் விகிதம் என்று புத்தகத்தில் படித்திருந்தவன், தன் கையில் இருக்கும் குச்சியில் அது இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாப் பிளாச்சையும் மறுபடி அளந்தான். எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் பிளாச்சைக் கொடுக்க வேண்டாம், கையைக் கிழிக்கும். அவர்களுக்குப் பேப்பர் ஒட்டும் வேலை போதும். மழையில் பேப்பர் நனைந்துவிடும் என்பதால் ஸ்டாரைக் கூரைக்கு உள்ளே தள்ளிக் கட்டுங்கள்.

அடுத்தது, இயேசு பிறப்புக் காட்சி வைக்கும் குடிலுக்குக் கேழ்வரகு விதைப்பது. தட்டில் தென்னை நார்த்தூளைப் பரப்பி டிசம்பர் 13 வாக்கில் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைத்து, கிறிஸ்துமஸ் இரவுக்குப் பச்சைப்புல் தயார். டிசம்பர் 13 புனித லூசியாள் திருநாள். ஹங்கேரியிலும் குரோவாசியாவிலும் அதே நாளில் வீடுகளில் கோதுமை விதைக்கிறார்கள் என்று சொன்னதும் சின்னவள் உலகப்படத்தை எடுத்து வந்துவிட்டாள். ஒரு தட்டை மட்டும் அட்டைப்பெட்டிக்குள் மூடி, ஒரு பக்கம் சின்ன ஓட்டை போட்டு வையுங்கள். உள்ளே முளை வெளிறிய மஞ்சளாக, மற்றதைவிட உயரமாக வளர்ந்து, அத்தனையும் ஓட்டைப் பக்கம் சாய்ந்து நிற்கும். வெளியே எடுத்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பச்சையாகிவிடும். செடிக்கு வெளிச்சம் எதற்கு என்ற பாடத்தை அதற்குமேல் நான் நடத்த வேண்டியிருக்கவில்லை.

திருவருகைக் கால வளையம் வைக்கிறோம். மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோஸ், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற. 1839-இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விகெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் நச்சரித்ததால் வண்டிச்சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்தார் என்பது இதன் தொடக்கம். கடையில் விற்கும், நாளுக்கு ஒரு கதவு திறக்கும் அட்வென்ட் காலண்டர் டிசம்பர் 1-இல் ஆரம்பிக்கிறது, ஆனால் திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகளைப் பொறுத்தது. 2022-இல் 28 நாள், 2023-இல் 22 நாள். ஏன் என்று பிள்ளைகளையே காலண்டரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னோம். நல்ல கணக்கு அது.

2023-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் குடில் வைத்து 800 ஆண்டு என்பதால் அந்த முறை குகையும் மாடும் கழுதையுமாகப் பெரிய குடில் திட்டம் போட்டிருந்தோம். டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு, ரோஸ் மெழுகுதிரி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்றுதான் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. எங்களுக்குக் கரண்ட் போனது போனதுதான். “ஆச்சி, இன்னிக்குச் சந்தோஷ ஞாயிறுதானே, இதை ஏத்தலாமா?” என்று சின்னவள் கேட்டாள். “ஏத்து தாயி” என்றார்கள் ஆச்சி. வளையத்தில் இருந்த நான்கும்தான் அன்றிரவு வீட்டுக்கு வெளிச்சம். குடிலுக்கு எடுத்து வைத்த பணம் அரிசியாகவும் போர்வையாகவும் முகாமுக்குப் போனது. பொட்டலம் கட்டியதும் பட்டியல் எழுதியதும் பிள்ளைகள். தண்ணீர் வடிந்த பிறகு, கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் எப்படி வந்தது என்று தாத்தாவோடு உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். பரீட்சை நெருக்கடி இல்லாத வீடாக இருந்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்ன வாரம் அது.

தினசரிப் பழக்கமாக நின்றது லூக்கா நற்செய்தி. மொத்தம் 24 அதிகாரம், டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று. முதல் அதிகாரமே 80 வசனம், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 23-ஆம் தேதி, வீடு முழுக்கப் பலகார வாசனை வரும் நேரத்தில், சிலுவைப்பாடு வரும். சின்னவள் அழுதிருக்கிறாள். மாற்றிப் படிக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று அவளே சொன்னாள், மறுநாள் உயிர்ப்பு வருகிறதே என்று. நாங்கள் அப்படியே வைத்திருக்கிறோம்.

பலகாரத்தில் கலகலாவும் அச்சு முறுக்கும் பிள்ளைகள் கை. அச்சு எண்ணெயில் நன்றாகச் சுடவில்லை என்றால் மாவு பிடிக்காது, அதைத் தவிரப் பெரிய கஷ்டம் இல்லை. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் மட்டும் எப்போதும் கடையில்தான். டிசம்பர் ஈரத்தில் அது வீட்டில் மொறுமொறுப்பாக நிற்பதில்லை.

குறை என்றால், துணைக்குப் பிள்ளைகள் இல்லாததுதான். அன்பியத்துப் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வில் இருப்பதால் கேரல் பயிற்சிக்கு ஆள் சேர்வதற்குக் கடைசி நாள்கள் ஆகிவிடும். அதுவரை இவர்கள் இருவரும் கீபோர்டை வைத்துக்கொண்டு தனியாகப் பாட வேண்டும். அம்மாவுக்கும் வேலை இரட்டிப்பு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வளையமும் லூக்காவும் மட்டும் போதும் என்பேன். ஸ்டார், விதைப்பு, பலகாரம் மூன்றையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். ஸ்டாரை நவம்பர் கடைசியிலேயே முடித்துவிடுவது நல்லது. பிளாச்சுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், டிசம்பர் பிறந்துவிட்டால் நேரான மூங்கிலாகக் கிடைப்பது கஷ்டம்.